ஒயரா, சந்தனமா

ஜன்னலை மூடிடுங்க சார், இல்லேன்னா நான் பேசறது உங்களுக்குக் கேக்காது. இந்த ரூட்டு டிரைவருங்க பட்டுக்கோட்டையில ஹார்ன்ல கையை வச்சா ஒரத்தநாடு வரைக்கும் எடுக்க மாட்டாங்க. எனக்கு இந்த மாதிரிச் சத்தமெல்லாம் ஆகாது. காது அப்படிப் பழகிடுச்சு. சுத்தமான சத்தமாக் கேட்டுக் கேட்டு, வேற சத்தம் வந்தா உடம்பே கூசுது.

பையைத்தானே பாக்கறீங்க? உள்ள இருக்கறது ஒயர் சார். நானே பின்னினது. மூணு செப்புக் கம்பியை ஜடை பின்னற மாதிரிப் பின்னி, மேல துணி சுத்தியிருக்கேன். தஞ்சாவூர்ல என் சகலைக்குக் கொண்டுபோறேன். சம்சாரத்தோட தங்கச்சி வீட்டுக்காரர், தியாகராசன்னு பேரு, அரிசி மில் வச்சிருக்கார். அவர் கேக்கல. கேக்காட்டியும் நல்ல பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கறதுதானே உறவு. கிளம்பறப்ப ஃபோன் போட்டேன், அவர் வீட்ல இல்லைன்னு மச்சினி கோகிலா சொல்லுச்சு. பின்னாடி அவர் குரல் கேட்டுது. டிவியா இருக்கும்.

என் பேரு நீலமேகம். கூட்டுறவு சங்கத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ரிட்டயர்டு ஆனதும் எல்லாரும் கோயில் குளம்னு போவாங்க. நான் பழைய சாமான் கடைக்குப் போனேன். அங்க ஒரு ரெக்கார்டு பிளேயர் கிடந்துது, தலைகீழா. மேல யாரோ பூந்தொட்டி வச்சிருந்தாங்க. தூக்கிட்டு வந்து துடைச்சு வச்சேன். சுத்துச்சு. தட்டு சுத்த, ஊசி அது மேல உக்காந்து பாட, எனக்கு மறுபடியும் கல்யாணம் ஆன மாதிரி இருந்துது. இதைச் செங்கமலத்துக்கிட்டயும் சொன்னேன். செங்கமலம் என் சம்சாரம். பிளவுஸ் தைக்கிறவ. அவ நிமிராமலே தைச்சுக்கிட்டு இருந்தா.

இதைக் கேள்விப்பட்ட உடனே சகலை ஒண்ணு வாங்கிட்டார். வெளிநாட்டுச் சரக்கு. ஆள் உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், நடுவுல நீலக் கலர் லைட்டு. காசிருந்தா காது வந்துடுமா? ஆனா விஷயம் அதோட நிக்கல. மாமனார் உள்ள வந்தார்.

என் மாமனார் மன்னார்குடியில ஜவுளிக்கடை வச்சிருந்தவர். கல்யாணப் பட்டு எடுக்க வர்றவங்களுக்கு நாதஸ்வரத் தட்டு போடுவார். மேளச் சத்தம் காதுல விழுந்தா பொண்ணு வீட்டுக்காரங்களுக்குக் கை தாராளமாயிடும்னு அவர் கணக்கு. அப்படிச் சேர்த்த தட்டு ஒரு தேக்குப் பெட்டி நிறைய இருக்கு. கடையை வித்துட்டார், பெட்டியை விக்கல. ஒரு விசேஷத்துல எல்லாரும் சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தப்ப சொன்னார், "மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் பிளேயர் வச்சிருக்கீங்க. ரெண்டு வீட்டுக்கும் வந்து ஒரே தட்டைப் போட்டுக் கேக்கறேன். எங்க நல்லாப் பாடுதோ, பெட்டி அங்க போகட்டும்."

சார், அந்தப் பெட்டி. அதை நினைச்சு எனக்குச் சோறு இறங்கல. வேற யார்கிட்டயும் கிடைக்காத தட்டெல்லாம் அதுல இருக்கு. அது சகலை வீட்டு நீல லைட்டுக்குக் கீழே போய் உக்காரப் போகுதுன்னா மனசு எப்படித் தாங்கும்?

மாமா தொடையில தாளம் போட்டுத்தான் கேப்பார். தாளம் ஓடிக்கிட்டே இருந்தா தட்டு நல்லா ஓடுதுன்னு அர்த்தம். கை நின்னுச்சுன்னா போச்சு. ஒரு தட்டைக் கையில கொடுத்து, "இதுல பழகுங்க"ன்னார். ரெண்டு பேருக்கும் அதே தட்டு. தோடி. மெதுவா ஆரம்பிச்சு மேல மேல போய், உச்சியில ஒரு இடத்துல தவிலும் சேர்ந்து அடிக்கும். அங்கதான் என் மிஷின் மாட்டிக்கிச்சு. உச்சிக்குப் போனா நாதஸ்வரம் கிழிஞ்சுது. சரசரன்னு, பழைய வேட்டி கிழியற மாதிரி.

சரி, கையில காசில்ல, மூளை இருக்குல்ல? இறங்கினேன். கிரானைட் கடை வாசல்ல, சமையல் மேடைக்கு சிங்க் வைக்க வெட்டியெடுத்த துண்டு கிடக்கும். கேட்டா சும்மாவே கொடுப்பான். அதைக் கொண்டாந்து பிளேயருக்குக் கீழே போட்டேன். கல்லுக்குக் கீழே ரப்பர் பந்தை ரெண்டா அறுத்துக் கவுத்தேன். ஸ்பீக்கர் ரெண்டையும் எண்ணெய் டின் மேல தூக்கி வச்சேன், டின்னுக்குள்ள ஆத்து மணல். மிஷினுக்குள்ள சுத்துற பெல்ட்டு தொளதொளன்னு இருந்துது. செங்கமலத்தோட தையல் டப்பாவிலேருந்து எலாஸ்டிக் எடுத்துக் கட்டினேன். தோடி ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி வந்துச்சு. அப்புறம் ஒழுங்கான பெல்ட்டே வாங்கினேன். தட்டுக்குக் கீழே மெத்துன்னு ஒரு துணி வேணும்னாங்க. வீட்ல மெரூன் கலர்ல நல்ல வெல்வெட்டு இருந்துது, வட்டமா வெட்டிக்கிட்டேன். அது யாரோ கல்யாணப் பொண்ணோட பிளவுஸ் துணியாம். நாலு நாள் எனக்கு வீட்ல காபி கிடையாது.

இவ்வளவும் செஞ்சும் அந்த உச்சி கிழிஞ்சுது.

இன்னொண்ணு சொல்லணும். ஊசி தட்டு மேல எவ்வளவு பாரமா உக்காரணும்கிறதுக்கு, ஊசியைத் தாங்கற கையோட பின்பக்கம் ஒரு குண்டு இருக்கும். தராசு மாதிரி. குண்டைப் பின்னால தள்ளினா ஊசி லேசாகும். ஃபோன்ல ஒரு வீடியோவுல, ஊசி எவ்வளவு லேசோ தட்டுக்கு அவ்வளவு ஆயுசுன்னு ஒருத்தன் சொன்னான். எனக்கு அது மனசுல பட்டுடுச்சு. மாமாவோட தட்டு, நோகக் கூடாது. குண்டை நல்லாப் பின்னால தள்ளி, ஊசியைப் பூ மாதிரி உக்கார வச்சேன். அதை ஒரு நாள் செங்கமலம் குனிஞ்சு பாத்துட்டு, "என்னங்க, இது தட்டு மேல உக்காரவே இல்லையே, மிதக்குதே. தையல் மிஷின்ல கால் துணியை அழுத்திப் பிடிக்கலேன்னா தையல் விட்டு விட்டுத்தான் விழும்"ன்னா. அவளுக்கு எதைப் பாத்தாலும் தையல் மிஷின்தான். நான் சிரிச்சுட்டு, சங்கீதம் வேற, ஜாக்கெட்டு வேறன்னு விளக்கினேன். ரொம்ப நேரம் விளக்கினேன்.

அப்பத்தான் ஒயர் யோசனை வந்துது. பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல போற ஒயர் மட்டமா இருந்தா மேல் ஸ்தாயி செத்துப் போகும்னு அந்த வீடியோக்காரனே சொல்லியிருந்தான். வயரிங் வேலை செய்யற பையன்கிட்ட மிச்சம் மீதி வாங்கி, மூணு புரியாப் பின்னி மாட்டினேன். மாட்டின மறுநாள் ஆயுத பூஜை.

எங்க வீட்ல ஆயுத பூஜைன்னா செங்கமலத்தோட ராஜ்ஜியம். தையல் மிஷின், கத்திரிக்கோல், அரிவாள்மணை, என் ஸ்கூட்டர், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். அந்த வருஷம் பிளேயருக்கும் வச்சா. நான் வாழைக்கன்னு வாங்கப் போயிருந்தேன், திரும்பி வந்தா ஊசி மாட்டியிருக்கிற நுனியில, சரியா அது மேலயே, இவ்ளோ பெரிய சந்தன உருண்டை. அதுக்கு மேல குங்குமம். "எதுக்கு இவ்வளவு?"ன்னேன். "அதுவும் ஊசிதானே"ன்னா. அன்னைக்கு எதையும் தொடக்கூடாது, விட்டுட்டேன்.

விஜயதசமி அன்னைக்குக் குளிச்சுட்டு வந்து தோடியைப் போட்டேன். சார், உச்சிக்குப் போச்சு. கிழியல. தவில் அடிச்சுது, கிழியல. ஒவ்வொரு அடியும் தனித்தனியா வந்து விழுது. நான் கூடத்துல நின்னு கத்தினேன், "ஒயர் வேலை செய்யுது செங்கமலம், ஒயர் வேலை செய்யுது." ஒரு நாள் முழுசும் தொடாம ஓய்வு கொடுத்ததுல ஒயர் செட்டாயிடுச்சு, பாத்தீங்களா. அவ வாசல்ல கோலம் போட்டுக்கிட்டே, "சந்தனத்தைத் துடைச்சுடாதீங்க"ன்னா. பக்தி அவளுக்கு.

அடுத்த வாரம் மாமா கிளம்பிட்டார். முதல்ல தஞ்சாவூர். நாங்களும் போனோம். சகலை வீட்டுக் கூடத்துல தரை பளிங்கு, சுவரெல்லாம் கண்ணாடி. தோடியைப் போட்டார். நான் பக்கத்துல உக்காந்து மாமாவுக்கு ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லிக்கிட்டே வந்தேன். இங்க பாருங்க, இங்க எதிரொலி, இங்க கீழ்ச் சத்தம் தூக்கலு. அப்படிச் சொல்லச் சொல்லக் கோகிலா எனக்கு முறுக்கு, அதிரசம்னு தட்டுத் தட்டாக் கொண்டாந்து வச்சுது. "வாயில போடுங்க அத்தான்"னு கையிலயே கொடுத்துது. அந்தப் பொண்ணுக்கு என் மேல அவ்வளவு பிரியம். மாமாவோட கை தாளத்தை விடல. ஆனா முடிஞ்சதும், "நல்லா இருக்கு தியாகு. கல்யாண மண்டபத்துல சமையக்கட்டுலேருந்து கேட்ட மாதிரி இருக்கு"ன்னார். சகலை முகத்தைப் பாக்கணுமே நீங்க.

மறுநாள் எங்க வீடு. சகலை கூடவே வர்றார், ஃபோனும் கையுமா. எல்லாத்தையும் வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்புல போடற ஆள். மிஷின் மேல சந்தனமும் குங்குமமும் காஞ்சு கிடந்தா என்ன நினைப்பார்? கருமாரியம்மன் கோயில் உண்டியலான்னு கேப்பார். காலையில பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துப் பளபளன்னு துடைச்சு வச்சுட்டேன். செங்கமலம் சமையல்ல இருந்தா, பாக்கல.

மாமா உக்காந்தார். தோடி ஆரம்பிச்சுது. கை தாளம் போடுது. நான் ஒயரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிக்கிட்டு இருக்கேன். உச்சிக்குப் போச்சு. சரசரன்னு கிழிஞ்சுது. மாமாவோட கை தொடை மேல அப்படியே நின்னுடுச்சு.

போச்சு சார். பெட்டி போச்சு. சகலை ஃபோனை என் முகத்துக்கு நேராப் பிடிக்கிறார். "ஒயர் இன்னும் சூடாகல மாமா"ன்னேன். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துது, மழை வேற பெஞ்சுது, ஈரக்காத்து, செம்புக்கு ஈரம் ஆகாது"ன்னேன். நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

செங்கமலம் சமையக்கட்டுலேருந்து வந்தா. மிஷினை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. நேரா சாமி மாடத்துக்குப் போய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வந்து, அந்தக் கையோட நுனியில சந்தனத்தை அப்பினா. வச்சா இல்ல சார், அப்பினா. மேல குங்குமம். அப்புறம் ஊசியைத் தூக்கி, முதல்லேருந்து வச்சு, "இப்பக் கேளுங்கப்பா"ன்னா.

பாடுச்சு. உச்சிக்குப் போச்சு, அப்படியே நின்னு பாடுச்சு. மாமாவோட கை மறுபடியும் தாளம் போட ஆரம்பிச்சுது, கண்ணு மூடிக்கிச்சு. தட்டு முடிஞ்சு ஊசி நடுவுல போய் நிக்கிற வரைக்கும் அவர் திறக்கல. நான் சும்மா இருப்பேனா? "பாத்தீங்களா மாமா, ஒயர் சூடேறின உடனே"ன்னேன்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இருங்க"ன்னார். அப்புறம் செங்கமலத்தைப் பாத்து, "ஏம்மா, அது எடைக்கா?"ன்னு கேட்டார். "ஆமாப்பா, மிதந்துச்சு"ன்னா அவ. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க. அப்பா மகளுக்குள்ள ஆயிரம் இருக்கும், நாம நடுவுல போகக்கூடாது. தீர்ப்பு சொன்னார். "பெட்டி செங்கமலத்துக்கு. இந்த வீட்டுக்குன்னு சொல்லல, மாப்பிள்ளைக்குன்னும் சொல்லல. அவளுக்கு. இன்னொண்ணு. தட்டு ஓடும்போது மாப்பிள்ளை பேசக்கூடாது. பேசினா பெட்டி மன்னார்குடிக்குத் திரும்பி வந்துடும்." சகலை விழுந்து விழுந்து சிரிச்சார். தோத்தவரு, பாவம், வேற என்ன செய்வார்.

பெட்டி வந்துடுச்சு. ஜெயிச்சது ஒயர். இதுல செங்கமலத்துக்கும் எனக்கும் இன்னைக்கு வரைக்கும் தகராறு. சந்தனம்தான்கிறா. வச்சுப் பாடிக் காட்டினா, எடுத்துட்டுப் பாடிக் காட்டினா. எடுத்தாக் கிழியத்தான் செய்யுது, நான் இல்லேங்கல. ஆனா சந்தனத்துக்கு ஏது சார் சத்தம், வாசனைதானே உண்டு. ஒரு நாள் என் ஒயரைக் கழட்டிட்டுப் பழைய ஒயரையே மாட்டிப் போட்டா. அப்பவும் அதே மாதிரிதான் பாடுச்சு. "இப்ப என்ன சொல்றீங்க?"ன்னா. என் ஒயரோட பழக்கம் அந்த மிஷின்ல தங்கிடுச்சுன்னேன். பின்னால இருக்கிற குண்டை அவளே திருகி முன்னால கொண்டாந்துட்டா. இப்ப சந்தனம் சும்மா பொட்டளவுதான்.

ஆனா பாருங்க, பெட்டிச் சாவி அவ தாலிக்கொடியில பின் பண்ணியிருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தையலை நிறுத்திட்டுத் தரையில சுவத்துல சாஞ்சு உக்காந்துக்குவா. தட்டைப் போட்டுட்டுக் கண்ணை மூடிக்குவா. சின்ன வயசுல கடையில, பட்டுக்கட்டு மேல உக்காந்துக்கிட்டுக் கேட்ட தட்டாம் அதெல்லாம். ஒவ்வொண்ணும் மனப்பாடமாம். எனக்குத் தெரியாது சார், முப்பது வருஷத்துல அவ சொன்னதே இல்ல. சொல்லியிருப்பாளோ என்னமோ, அந்த நேரம் நான் ஏதாவது பேசிக்கிட்டு இருந்திருப்பேன்.

வாயை மூடிக்கிட்டுத்தான் உக்காரறேன். முடியல சார். நல்ல இடம் வந்தா நல்ல இடம்னு சொல்லணும்ல? சொன்னா அவ ஊசியைத் தூக்கிடுவா. அப்பாகிட்டச் சொல்ல மாட்டா, ஆனா ஊசியைத் தூக்கிடுவா. அதனால இன்னைக்கு மத்தியானம் நானே ஒரு யோசனை பண்ணினேன். வீட்டை ஒட்டி ஒரு சந்து. ஜன்னலுக்கு வெளியில போய், வாய் நிறைய வெத்தலையை அடைச்சுக்கிட்டு நின்னேன். அவ ஏதோ காம்போதி போட்டா. வெத்தலை வாயில இருக்கறதால பேசவும் முடியல, பேச ஆளும் இல்ல. ஒரு பக்கம் முழுசாக் கேட்டேன்.

சார், அவர் மூச்சு வாங்குறார். வாசிக்கிறவர். மேல ஒரு இடத்துக்கு ஏறப் போறதுக்கு முன்னாடி, சின்னதா, குளத்துல குதிக்கறதுக்கு முன்னாடி இழுப்போமே, அந்த மாதிரி ஒரு மூச்சு. அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்த மூச்சு அங்கேயே இருக்கு. எனக்கு அழுகை வந்துடுச்சு. சந்துல நின்னு அழுதேன், பால்காரர் சைக்கிளை நிறுத்திட்டு என்னன்னு கேட்டார்.

இதை யார்கிட்டயாவது சொல்லாம எப்படி சார் இருக்கறது? வெத்தலையைத் துப்பிட்டு உள்ள ஓடினேன். "செங்கமலம், மூச்சு கேக்குது, என் ஒயர் வழியா மூச்சு கேக்குது"ன்னேன். அவ அப்பத்தான் தட்டைத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடியிருந்தா. கையை நீட்டி ஊசியைத் தூக்கிட்டா. கோவப்படல. அதான் எனக்குத் தாங்கல. "எனக்கு முதல் நாள்லேருந்தே கேக்குதுங்க"ன்னா. எந்திரிச்சுப் போய் என் சட்டையை எடுத்துட்டு வந்தா. "தியாகுவுக்கு ஒயர் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, இன்னைக்குப் போயிட்டு வாங்களேன். மெதுவா வாங்க"ன்னா.

மெதுவா வாங்கன்னா. அவளா எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்து எத்தனை வருஷம் ஆச்சு. அதான் வந்துட்டேன்.

ஒரத்தநாடு வந்துடுச்சு போல. நீங்க இங்கயா இறங்கறீங்க? டிக்கெட்டு தஞ்சாவூருக்குன்னுல்ல எடுத்தீங்க. சரி சரி, பரவாயில்ல, வேலை இருக்கும். பாத்து இறங்குங்க சார். இந்நேரம் வீட்ல அந்த ரெண்டாவது பக்கம் ஓடிக்கிட்டு இருக்கும். அதுல அவர் எங்க மூச்சு வாங்குறார்னு எனக்கு இன்னும் தெரியாது சார்.